தண்ணி குடிக்காத சின்னம்மாவும் எங்க வெப்சைட்டும்

ரெண்டு இலை, ஒரு மொட்டு, அதுக்குக் கீழ ஏந்தின மாதிரி ரெண்டு கை. இதுதான் எங்க அமைப்போட லோகோ. இதச் செஞ்சு முடிக்க நாங்க எடுத்துக்கிட்ட காலத்துல ஒரு கக்கூசு கட்டியிருக்கலாம். கட்ட வேண்டியதும் கக்கூசுதான். நினைச்சா இன்னைக்கும் எனக்குக் குமட்டிக்கிட்டு வருது.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களது. நான் அங்க முன்பள்ளி டீச்சர். எங்க அம்மாவோட தங்கச்சி, என் சின்னம்மா, நான் இருக்கிற அதே லயத்து வரிசை வீடுகள்ல, கடைசியில இருக்கிற தொங்கல் காம்பிராவுல மகளோட இருக்கு. சீனி வியாதியில ஒரு கால முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. லயத்துக்கே பொதுவான கக்கூசு கீழ, சாக்கடைக் கானுக்குப் பக்கத்துல. அதுக்குப் போக படி கிடையாது, பாசி புடிச்ச சரிவுதான். உள்ள போனா குந்தணும். கதவு பாதிதான் இருக்கு, குழி ரொம்பி வழியுது, மழை பேஞ்சா வழிஞ்சதெல்லாம் பாதைக்கு வந்துரும். ரெண்டு காலு உள்ள நாங்களே மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிட்டு, வந்து சோறு திங்க முடியாம உக்காந்திருப்போம். ஒத்தக் காலோட அது என்னதான் செய்யும்?

தண்ணி குடிக்கிறத நிப்பாட்டிருச்சு. மக கொழுந்து எடுக்க மலைக்குப் போறதுக்கு முன்ன ஒரு தடவ கைத்தாங்கலா கூட்டிட்டுப் போவா, வேலை விட்டு வந்து இன்னொரு தடவ. நடுவுல அடுத்தவங்கள கூப்பிட்டுத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு பிடிவாதம். காலமெல்லாம் கொழுந்து எடுத்த பொம்பள, யாரு தேத்தண்ணி கொண்டு போனாலும் "வேணாம் மக, இப்பத்தான் குடிச்சேன்"னு பொய் சொல்லும். ஒதடு வெடிச்சுக் கெடக்கும். இப்பிடியே இருந்தா கிட்னியும் போயிரும்னு கிளினிக்ல டாக்டர் சொல்லிட்டாரு.

அதுக்காகத்தான் லயத்துப் பொம்பளைங்க நாலஞ்சு பேரு சேந்து ஒரு அமைப்பு தொடங்குனோம். சின்னம்மா காம்பிராவுக்குப் பின்னால, உக்காந்து எந்திரிக்கிற மாதிரி ஒரு கக்கூசு. அதுதான் மொத வேலைன்னு பேசிக்கிட்டோம். அப்புறம் யாரோ சொல்லி ஹட்டன்ல ஒரு பயிற்சிக்குப் போனோம். அங்கதான் சனியன் புடிச்சுது.

கொழும்புல இருந்து சொல்லிக் குடுக்க ஒரு சேர் வந்திருந்தாரு. சின்ன அமைப்புங்கள நடத்த என்ன வேணுமோ எல்லாம் இணையத்துல இலவசமா கெடக்குதுன்னு சொன்னாரு. வெப்சைட் இலவசம், நோட்டீஸ் வடிவமைக்க இலவசம், கூட்டம் போட இலவசம், உலகம் பூராவும் உதவி கேக்க ஒரு பக்கம், அதுவும் இலவசம். நாங்க வாயப் பொளந்துக்கிட்டு கேட்டுக்கிட்டு இருந்தோம். கக்கூசு கதையச் சொன்னேன். "அருமையான கதை டீச்சர்"னாரு. கதையாம். எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு.

இலவசமா குடுக்கிற கம்பெனி மொதல்ல எங்க விலாசத்த உறுதிப்படுத்தணும்னுச்சு. வீட்டு நம்பர் என்ன, தெரு என்னன்னு கேக்குது. லயத்துல எங்க இருக்கு தெருவு? தோட்டத்துப் பேரும் டிவிஷன் பேரும் போட்டேன். ரகசிய எண் வச்சு ஒரு கடிதாசி அனுப்புறோம்னான். எங்களுக்கு வர்ற கடிதாசியெல்லாம் தோட்டத்து ஆபிசுக்குத்தான் போகும். யாராச்சும் கொண்டாந்து குடுத்தா உண்டு. அந்தக் கடிதாசி ஆபிஸ் ஜன்னல்ல காஞ்சு கெடந்து என் கைக்கு வரையில அந்த எண் காலாவதியாப் போச்சு. திரும்ப மொதல்ல இருந்து. நான் போய்ச் சொன்னப்ப சின்னம்மா, "கடிதாசி வந்தாத்தான் கக்கூசு வருமா?"ன்னு கேட்டுச்சு. நக்கலாத்தான் கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வரல.

அப்புறம் ஆன்லைன் கூட்டம். எங்க லயத்துல சிக்னல் கிடையாது, கோயில் மேட்டுக்கு ஏறணும். தூறல்ல கொடையப் புடிச்சுக்கிட்டு நாங்க பாறை மேல உக்காந்திருக்க, அட்டை கால்ல ஏறுது. சேர், "கேமராவப் போடுங்க, உங்க தூரநோக்கு என்னன்னு ஒரே வசனத்துல சொல்லுங்க"ங்கிறாரு. கக்கூசுன்னேன். அது தூரநோக்கு இல்லயாம், செயற்பாடாம். தூரநோக்குன்னா மாண்பு, வலுவூட்டல்னு வரணுமாம். நான் அட்டையப் பிச்சு எறிஞ்சுட்டு, அவரு சொன்னதையே எழுதிக் குடுத்தேன்.

இதெல்லாத்தையும் மன்னிச்சிருவேன். போட்டோ எடுத்தாரு பாருங்க, அதத்தான் மன்னிக்க மாட்டேன்.

உதவி கேக்குற பக்கத்துக்குப் படம் எடுக்கணும்னு சேர் ஒரு நாள் நேரா லயத்துக்கே வந்துட்டாரு. சின்னம்மா நல்ல சீலை கட்டி, தலை வாரி, பூ வச்சு, வாசல் இஸ்தோப்புத் திண்ணையில நாற்காலி போட்டு உக்காந்திருந்துச்சு. அவரு கேமராவுல பாத்துட்டு மொகத்தச் சுளிச்சாரு. "ரொம்ப நல்லா இருக்காங்களே, இரக்கம் வராது. பூவ எடுத்துருங்க. சீலையக் கொஞ்சம் தூக்கி, கால் தெரியிற மாதிரி." வேணாம் சேர்னேன். சின்னம்மாதான் என் கையப் புடிச்சு, "விடு மக, கக்கூசு கட்டித் தருவாங்கன்னா பாத்துட்டுப் போகட்டும்"னு பூவ அதுவாவே எடுத்து மடியில வச்சுக்கிச்சு. அவரு சுத்திச் சுத்தி எடுத்தாரு. கீழ கக்கூசையும் போய்ப் பாருங்கன்னேன். எட்டிப் பாத்துட்டு கைக்குட்டையால வாயப் பொத்திக்கிட்டு பாதியிலயே திரும்பிட்டாரு.

படத்த ஏத்துனோம். கதைய எழுதுனோம். கடைசிப் பக்கத்துல, வர்ற உதவி போய்ச் சேர வேண்டிய நாட்டைத் தெரிவு செய்யுங்கன்னு ஒரு பட்டியல் வந்துச்சு. நான் விரலால தள்ளித் தள்ளிப் பாக்குறேன். இங்கிலீசு எழுத்து வரிசையில ஸ்பெயின் இருக்கு. அதுக்கு அடுத்தது சுவீடன். நடுவுல வர வேண்டிய ஸ்ரீலங்கா, எங்க நாடு, இல்ல. சேருக்குப் போன் போட்டேன். "ஓ, இலங்கைக்கு இன்னும் வரலயா? பரவால்ல டீச்சர், எப்பிடிச் செய்யிறதுன்னு கத்துக்கிட்டீங்கல்ல"ன்னாரு. ஊர் ஊராப் போய்ப் பாடம் நடத்துற மனுசன், ஒரு தடவகூட அந்தப் பக்கத்த கடைசி வரைக்கும் தள்ளிப் பாக்கல. அடுத்த ஆன்லைன் வகுப்புல, நல்ல படம்னா எப்பிடி இருக்கணும்னு மத்த அமைப்புக்காரங்களுக்கு அவரு காட்டுனது எங்க சின்னம்மாவோட காலு. நான் பாறையில இருந்து எந்திரிச்சுப் போய்க் காறித் துப்புனேன்.

பட்டியல்ல நம்ம நாடே இல்லன்னு சின்னம்மாகிட்டச் சொன்னேன். ஞாயித்துக்கெழம மரணாதார சங்கக் கூட்டம் எத்தன மணிக்குன்னு மட்டும் கேட்டுச்சு.

மரணாதார சங்கம்னா சாவுக்கு உதவுற சங்கம். எல்லாத் தோட்டத்துலயும் உண்டு. வெப்சைட் இல்ல, லோகோ இல்ல. மாசா மாசம் சந்தா. லயத்துல ஒரு உசுரு போனா, வீட்டுக்கு ஒரு ஆளு மம்பட்டியோட வந்து குழி வெட்டணும். பந்தல், தகரம், பொணப் பொட்டி, எல்லாம் சங்கத்துப் பொறுப்பு. யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்ல.

மகளும் நானும் சின்னம்மாவ நாற்காலியோட தூக்கிட்டுப் போய், கூட்டம் நடக்குற கோயில் மடத்துல வச்சோம். சின்னம்மா தலைவரப் பாத்துச் சொல்லிச்சு: "கல்யாணம் கட்டி வந்ததுல இருந்து சந்தா கட்டுறேன். நான் செத்தா எனக்குத் தர்றத இப்பவே தந்துருங்க. வீட்டுக்கு ஒரு ஆளு, மம்பட்டி, தகரம். பொட்டிக்கு ஆகுற காசுல சீமெந்து வாங்குங்க. அப்புறமா பாயில சுத்தி என்னைய எரிச்சிருங்க, குழி வெட்ட வேணாம்."

தலைவர் வயசானவரு, முன்ன கங்காணியா இருந்தவரு. "அபசகுனமா பேசாதம்மா. அதுக்குச் சங்கத்துச் சட்டத்துல எடமில்ல. செத்தவங்களுக்குத்தான்"னாரு.

"அப்ப நான் செத்துட்டேன்னு எழுதிக்கங்க."

தலைவர் சந்தாப் புத்தகத்த மூடி வச்சாரு. "நாளைக்கு ஆபிஸ்ல தோட்டத்துத் துரைகிட்ட கேட்டு கட்ட உத்தரவு வாங்குறேன். அடுத்த ஞாயித்துக்கெழம வீட்டுக்கு ஒரு ஆளு"ன்னாரு.

வந்தாங்க. சாவு வீட்டுக்கு வர்ற மாதிரியே, ஒருத்தரும் சத்தம் போடாம, மம்பட்டியத் தோள்ல வச்சுக்கிட்டு வந்தாங்க. குழி வெட்டி, செவுரு எழுப்பி, கமோடு வச்சு, புடிச்சுக்க ஒரு இரும்புக் கம்பியும் போட்டுக் குடுத்தாங்க. சங்கத்துப் பந்தல் தகரந்தான் கூரை.

வேலை முடிஞ்ச அன்னைக்கு நான் கேத்தல் நெறைய தேத்தண்ணி ஊத்தி எடுத்துட்டுப் போனேன். ஊத்திக்கிட்டு இருக்கும்போது போன்ல சேரோட மெசேஜ். கக்கூசு கட்டுனது தெரிஞ்சிருச்சாம், வெற்றிக் கதையா போடணுமாம், சின்னம்மா கமோட்டுப் பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி ஒரு படம் வேணுமாம். போனக் கவுத்து வச்சேன்.

"யாரு மக?"

"யாருமில்ல சின்னம்மா. குடிங்க."

மடமடன்னு குடிச்சுச்சு. கோப்பைய நீட்டி, "இன்னும் ஊத்து"ன்னுச்சு.