முளைகட்டிய சூட்டில் ஓர் ஆம்ப்ளிபயர்

கல்யாணம் ஆகாத என் சித்தப்பா கடைத்தெருவில் நகப்பாலிஷ் வாங்கினார் என்ற செய்தி, அவர் திருத்துறைப்பூண்டியிலிருந்து சைக்கிள் மிதித்து வீடு சேர்வதற்குள் எங்கள் கீழத்தெருவுக்கு வந்துவிட்டது. யார் அந்தப் பெண் என்று ஆளாளுக்குத் துப்புத் துலக்கிக்கொண்டிருக்க, மனிதர் வந்ததும் வராததுமாகத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, செம்புத் தகடு ஒட்டிய அட்டை ஒன்றில் அந்தச் சிவப்புப் பாலிஷால் கோடு இழுக்க ஆரம்பித்தார். அம்மாவுக்கு எவ்வளவு ஏமாற்றம்! ஓரகத்தி வரப்போகிறாள் என்று நம்பியிருந்தாள் பாவம்.

சித்தப்பாவுக்கு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. மறுநாள் சாயங்காலம் எங்கள் தெருக்காரர்கள் நடவுக் கூலியை உயர்த்தச் சொல்லிக் கூட்டம் போடுவதாக இருந்தார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் ஊர்ச் சுவரில் சின்னம் மாறியது. மேலத்தெருப் பண்ணையார் வீட்டில் கூலி அளக்கிற மரக்கால் மட்டும் மாறவேயில்லை. கூட்டத்துக்கு மைக்செட் கேட்டுப் போனால், பண்ணையார் சொல்லிவைத்தபடி மைக்செட்காரர் கையை விரித்துவிட்டார்.

“தராட்டி போறான், நானே செய்யிறேன்” என்று சித்தப்பா வாயை விட்டுவிட்டார். பழைய மைக்கும் குழாய் ஒலிபெருக்கியும் இருந்தன. லாரி பேட்டரிக்கும் சொல்லியாயிற்று. சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்ளிபயர்தான் இல்லை. அதைச் செய்யத்தான் அந்த அட்டையும் நகப்பாலிஷும்.

அந்த அட்டையை ஒரு பழுப்பு மருந்துத் தண்ணீரில் போட்டால், பாலிஷ் பூசாத செம்பை மருந்து தின்றுவிடும். கோடு போட்ட இடம் மட்டும் மின்சாரம் ஓடும் வாய்க்காலாக நிற்கும். சித்தப்பா மருந்தை முதலில் அம்மாவின் அலுமினியச் சட்டியில் ஊற்றினார். புஸ்ஸென்று பொங்கிப் புகைந்து, சட்டிக்கு அடியே இல்லாமல் போயிற்று. அம்மா அப்போது பேசியதை எழுத முடியாது.

பிறகுதான் பிளாஸ்டிக் எண்ணெய் கேன் ஒன்றின் தலையை அறுத்துத் தொட்டியாக்கினார். சைக்கிள் வால்வ் டியூப்பில் ஊசியால் ஓட்டை போட்டு அடியில் வளைத்துவைத்து, மறுமுனையைச் சைக்கிள் பம்ப்பில் கட்டினார். பம்ப் அடிக்கும் உத்தியோகம் எனக்கு. மருந்து கலங்கிக்கொண்டே இருந்தால்தான் செம்பு சீக்கிரம் கரையுமாம். அடிக்க அடிக்க உள்ளே குபுகுபுவென்று குமிழி வந்தது. எனக்கு ஒரே கும்மாளம்.

ஆனால் வெளியே புரட்டாசி மழை. குளிர்ந்துபோன மருந்து செம்பைத் தொடமாட்டேன் என்றது. அடுப்பில் வைத்தால் கேன் உருகிவிடும். தலையைச் சொறிந்த சித்தப்பாவின் பார்வை வீட்டு மூலைக்குப் போயிற்று. அங்கே அம்மா ஊறவைத்த விதைநெல்லைச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடியிருந்தாள். முளைவிடும் நெல் உள்ளுக்குள் சூடேறும். கையை விட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும். இரண்டு மூட்டைக்கு நடுவே தொட்டியை இறக்கலாமா என்று கேட்டார். எங்கள் குத்தகை நிலத்துக்கு இருந்த மொத்த விதையும் அதுதான். அம்மா மூட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“ஒரு சொட்டு சிந்துச்சு, ஒங்கள நாத்தங்கால்ல நட்டுப்புடுவேன் தம்பி.”

“சத்தியமா சிந்தாது அண்ணி.”

அம்மாவே பழைய பிளாஸ்டிக் உரச்சாக்கைத் தொட்டிக்குச் சுற்றிக் கட்டினாள். நான் தோள் கழன்றுவிடும்போல் அடித்தேன். மெல்ல மெல்லச் செம்பு கரைந்து சிவப்புக் கோடுகள் மட்டும் மிஞ்சின. சித்தப்பா குதித்த குதியில் தொட்டி ஆட, அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஆடுறத வெளிய போயி ஆடுங்க!” என்று கத்தினாள். கத்தியவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ராத்திரியோடு ராத்திரியாகச் சித்தப்பா அந்த அட்டையில் பழைய ரேடியோ உதிரிகளைப் பற்றவைத்து, ஒரு தகரப் பெட்டிக்குள் அடைத்துவிட்டார். மறுநாள் மழை விட்டிருந்தது. கூட்டத்தில் பெட்டி முதலில் உறுமியது, பிறகு ஊளையிட்டது, பிறகு சித்தப்பா அதன் மண்டையில் தட்டியதும் அடங்கியது. மைக்கைக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினார். பண்ணையார் வீட்டு வாசலில் நின்று வாய்க்குள்ளேயே பேசிப் பழகிய அம்மா, தன் குரல் அத்தனை பெரிதாய்க் கேட்டதும் ஒரு நிமிஷம் திகைத்தாள். அப்புறம் நடவுப் பெண்களின் கூலியைப் பற்றி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேச ஆரம்பித்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். நாங்கள் எல்லோரும் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, மரத்தில் கட்டிய குழாய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வயலுக்கு அந்தப்புறம் பண்ணையார் வீட்டு மாடியைப் பார்த்து வாயைப் பிளந்திருந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கடைசியில் இப்படியா கோட்டைவிடுவார் மனுஷன்!

“சித்தப்பா, கொழாய மாத்திக் கட்டிட்டீங்க! நாங்க இங்கல்ல இருக்கோம்!” என்று எழுந்து நின்று கத்தினேன்.

கூட்டமே வெடித்துச் சிரித்தது. பேச்சை நிறுத்திவிட்டு அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மைக்கில் ஏறி வயலைத் தாண்டிப் போயிற்று. மாடி ஜன்னல் ஒன்றை யாரோ படாரென்று சாத்தினார்கள். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேரில் ஒருவர்கூட எழுந்துபோய் அந்தக் குழாயைத் திருப்பவில்லை.