கெமாவுக்காக வெட்டிய மருதாணி

என் அம்மா ருக்கையாவின் கோபத்துக்கு இருபத்தெட்டு வயது. என்னைவிட இரண்டு வயது மூத்தது. அவளுடைய கல்யாணத்தில், கடையில் வாங்கிய மருதாணி கையில் பிடிக்கவே இல்லை. "என்ன, டீத்தண்ணி கொட்டுன மாதிரி இருக்கு?" என்று மாப்பிள்ளையின், அதாவது என் அத்தா சுல்தானின், அக்கா ஆசியா பீவி அத்தனை பேர் நடுவில் சொல்லிச் சிரித்தார். தனக்கு ஒரு மகள் பிறந்தால் அவள் கை சிவக்கவேண்டும், ஒருத்தர் வாய் திறக்கக்கூடாது என்று அம்மா அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

ஜெலுத்தோங்கில் எங்கள் மூலை வீட்டு வேலியோரம் மருதாணிக் குச்சியை நட்டது அதற்காகத்தான். லிட்டில் இந்தியாவில் ஒரு தையல்கடையில் ரவிக்கைத் துணி வெட்டுவது அம்மாவின் வேலை. செடியையும் அதே பதனத்தோடு வெட்டுவாள். முழங்கால் உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக. வெட்டி நாற்பது நாளில் வரும் கொழுந்தில்தான் சிவப்பு இருக்கிறது, முற்றிய இலை வெறும் ஆரஞ்சு என்பது அவள் கட்சி. என் கல்யாணத் தேதி குறித்ததும் நாளைப் பின்னோக்கி எண்ணி வெட்டினாள். அதற்குப் பிறகு செடிப்பக்கம் யாரும் போகக்கூடாது.

கொழுந்து தலைகாட்டிய நேரத்தில் தீபாவளி வந்தது. பக்கத்து வீட்டு மோகனா அக்கா வேலியருகே வந்து நின்றார். பத்து காவான் என்ற ஊரில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்.

"அக்கா, சின்னவளுக்கு ஒரு கைப்பிடி குடுங்கலா. ஆசைப்படுறா."

"கேக்காம தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன். கேட்டாலும் இப்பக் கெடையாது. கடையில டியூப் விக்கிறான், வாங்கிக் குடு."

எந்தக் கடை மருதாணியால் இருபத்தெட்டு வருஷம் வெந்தாளோ, அதையே இன்னொரு பிள்ளைக்குக் கைகாட்டினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் கல்யாணப் பெண் நான்தானே, வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு மருதாணி வைக்கவேண்டும். புதன்கிழமை அம்மா வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது, வேலியோரம் விரல் நீளக் கட்டைதான் நின்றது.

"என்னங்க, செடி எங்க?"

அத்தாவின் கையில் இன்னும் பாராங் கத்தி இருந்தது. முகத்தில் பெருமை வேறு. "கெமா போட எடம் பத்தலைன்னு பந்தல் வாடகைக்கு விடுறவன் சொன்னான். வெட்டிட்டேன். நீயும் வெட்டுற செடிதானே, திரும்ப வந்துரும்லா."

"நாப்பது நாள்ல வரும். கல்யாணத்த நாப்பது நாள் தள்ளி வைக்கிறீங்களா? கெளையெல்லாம் எங்க?"

"குப்பைத்தொட்டிக்கிட்ட போட்டேன். லோரி வந்துட்டுப் போயிருச்சி."

அம்மா தெருமுனை வரை ஓடிப்போய்ப் பார்த்தாள். தொட்டி காலி. திரும்பி வந்து அவள் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்தது. நானும் சேர்ந்து கத்தினேன். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அந்தச் செடி எதற்காக நின்றது என்று அத்தாவுக்குத் தெரியவில்லை. கேட்டதும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது மோகனா அக்கா இரண்டு பெரிய பிளாஸ்டிக் பைகளோடு வேலியருகே வந்தார். இரண்டிலும் உருவிய கொழுந்து.

"காலை ஷிப்ட் முடிச்சி வந்தப்ப தொட்டிக்கிட்ட உங்க செடி கெடந்துச்சிக்கா. லோரி வர்றதுக்கு முன்னாடி இழுத்துட்டு வந்து உருவி பிரிட்ஜில வச்சேன்."

அம்மா பையை வாங்காமல் நின்றாள். "ஒம் மகளுக்கு எடுத்துக்கிட்டியா?"

"இல்லக்கா. கேக்காம தொடக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல."

அம்மா இரண்டு பைகளையும் வாங்கிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மறுபடி கத்தினாள்: "வெள்ளிக்கெழம சாயங்காலம் அவளக் கூட்டிட்டு வா! லேட்டா வந்தே, நடக்குறதே வேற!"

வெள்ளிக்கிழமை அம்மா அம்மிக்கல்லைக் கழுவி அத்தாவின் முன்னால் போட்டாள்.

"பிளெண்டர் இருக்கே" என்றார் அத்தா.

"வெட்டத் தெரிஞ்ச கைக்கு அரைக்கவும் தெரியணும். அரைங்க."

மூன்று மணி நேரம் அரைத்தார். வழித்துக் கொடுத்த விழுதை அம்மா முதலில் மோகனா அக்காவின் மகளுக்கு வைத்தாள். கல்யாணப் பெண்ணான எனக்கு இரண்டாவது இடம்தான். நான் முணுமுணுத்ததற்கு ஒரு முறைப்பு கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் சமயத்தில் அத்தா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். இரண்டு உள்ளங்கையும் செக்கச்செவேல். இரண்டு நாளாகச் சோப்பு, எலுமிச்சை, ஷாம்பு எல்லாம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. என் கையைப் பார்க்க வந்த சனமெல்லாம் அவர் கையைப் பார்த்தது. ஆசியா பீவி மாமிதான் முதலில் சிரித்தார்.

"என்னடா சுல்தான், இன்னிக்கிக் கல்யாணம் ஒனக்கா?"

அத்தா தலையைக் குனிந்துகொண்டார். பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

"எங்க வீட்டு மருதாணி மதினி. வெட்டிப்போட்டவன் கையக்கூட சும்மா விடாது."