பிளம்பர் என்று எழுதித் தந்தால் போவேன்

மருதமுனையில் அர்ஹமின் முகம் தெரியாத வீடுகள் இருக்கலாம். அவன் கைபடாத பாத்ரூம் உள்ள வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிறந்தது சாய்ந்தமருதில். கல்யாணம் முடித்து மனைவி பஸ்லியாவின் வீட்டுக்கு வந்ததால் மருதமுனைக்காரன் ஆனான். இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அர்ஹம் வரும்போது ஒரு கையில் சூட்கேஸ், மறு கையில் பைப் முறுக்கும் சாவி. பெண் வீட்டார் சாவியைப் பார்த்துத்தான் கூடச் சந்தோசப்பட்டார்கள் என்று பஸ்லியா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவனின் சொந்த வீட்டில் பாத்ரூம் முடியவில்லை. சுவர் எழும்பி, டைல்ஸ் ஒட்டி, கதவும் போட்டாயிற்று. கழிப்பறைக் கொமட் மட்டும் பெட்டி பிரிக்காமல் ஹோல் மூலையில் நின்றது. வருகிறவர்கள் அதன்மேல் கைப்பையை வைத்துவிட்டு உட்காருவார்கள். "நாளைக்கு வெச்சித் தாறன்" என்று அர்ஹம் சொல்லுவான். ஊருக்கெல்லாம் அந்த நாளை வந்தது, பஸ்லியாவுக்கு மட்டும் வரவில்லை.

வெளிநாடு அவனுக்குப் புதிதல்ல. இருபத்திரண்டு வயதில் கத்தார் போனான். பிளம்பர் வேலை என்றுதான் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் 'லேபர்' என்று இருந்ததைக் காட்டிக் கேட்டபோது, "அது சும்மா கடதாசிக்கு" என்றார் அனுப்பியவர். போய் இறங்கிய முதல் நாள் காலையில் மேற்பார்வையாளன் பிளம்பர்களை முன்னால் வரச் சொன்னான். அர்ஹம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். கழுத்தில் தொங்கிய அட்டையைப் புரட்டிப் பார்த்தவன், கல் குவியலைக் கையால் காட்டினான். இரண்டு வருடம் கல்லும் சீமெந்தும்தான். பக்கத்தில் ஒருவன் பைப் பொருத்தத் தெரியாமல் டேப்பைப் பிழையான பக்கம் சுற்றிக்கொண்டிருப்பான். இவன் தலையில் சீமெந்துப் பையோடு அதைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். வேலை தெரிந்தவனுக்கு அதைவிட வயிற்றெரிச்சல் உலகத்தில் இல்லை. இனிப் போனால் பிளம்பராகத்தான் போவது என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டான்.

முப்பத்து நான்காவது வயதில் அதற்கு வழி திறந்தது. ருமேனியாவில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஸ்ரான்லி வந்து சொன்னான். ஸ்ரான்லி கல்முனையைச் சேர்ந்த வயரிங்காரன். ஒரே வீட்டில் இவன் பைப்பும் அவன் வயரும் இழுத்து, எந்தச் சுவரை யார் முதலில் உடைப்பது என்று சண்டை பிடித்தே கூட்டாளியானவர்கள். கொழும்பில் ஒரு பரீட்சை இருந்தது. படம் ஒன்றைக் கையில் தருவார்கள். அதன்படி வேலையைச் செய்து காட்ட வேண்டும்.

"கண்ணக் கட்டிட்டு விட்டாலும் செய்வன்" என்று அர்ஹம் பஸ் ஏறினான்.

பரீட்சை மண்டபத்தில் ஆளுக்கொரு பலகைத் தடுப்பு, ஒரு கொமட், ஒரு கட்டுப் பைப். அர்ஹம் படத்தை ஒரு தரம் பார்த்து மடித்துப் பையில் வைத்தான். பிறகு ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் செய்கிற காரியத்தைச் செய்தான்: தொழும்போது முகம் திருப்புகிற கிப்லா, அதாவது மேற்கு, எந்தப் பக்கம் என்று பார்த்தான். கொமட்டில் இருக்கிறவரின் முகமோ முதுகோ கிப்லாவுக்கு நேராக வரக் கூடாது. எங்கள் கரையில் இதற்கு மூளையைச் செலவழிக்க வேண்டியதில்லை. பெரிய ரோட்டு ஒன்றுதான், அது கடலோடு கூடவே வடக்குத் தெற்காக ஓடும். கொமட்டை ரோட்டு ஓடும் வாக்கில் வைத்தால் காரியம் முடிந்தது. கொழும்பு மண்டபத்தின் வாசலிலும் ஒரு பெரிய ரோட்டு ஓடியது. படத்தில் கொமட் அந்த ரோட்டுக்குக் குறுக்காக இருந்தது.

அவன் யாரிடமும் கேட்கவில்லை. இடதுபக்கச் சுவரை விட்டு நேர்ச் சுவருக்குக் கொமட்டை மாற்றினான். அதற்காக ஒரு வளைவு கூடப் போட்டு, கழிவுப் பைப்பை அழகாகத் திருப்பிக் கொண்டுவந்தான். தண்ணீர் விட்டுப் பார்த்தபோது ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பரீட்சகர் நரைத்த தலைச் சிங்களவர். வாழைச்சேனையில் வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் தெரியும். குனிந்து பொருத்துகளைத் தடவிப் பார்த்தார். படத்தை விரித்துப் பார்த்தார்.

"வேலை நல்லம். இடம் பிழை. ஏன் மாத்தினது?"

"கிப்லா, சேர்."

அவருக்கு விளங்கியது. கோபிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "காரணம் இருந்தா என்னைக் கேக்க வேணும். கேட்டா நான் படத்தைத் திருத்தலாம், இல்ல ஏலாது எண்டு சொல்லலாம். கேக்காம மாத்தினா நாளைக்குப் பைப் எங்க போகுது எண்டு யாருக்குத் தெரியும்? பெயில்."

வயரிங்கில் பாசான ஸ்ரான்லி வாசலில் காத்து நின்றான். கதையைக் கேட்டுவிட்டு போனை எடுத்துத் திசைகாட்டியைத் திறந்தான்.

"மச்சான், இஞ்ச பாரு. இந்த ரோட்டு கடலோட போகல்ல. கடலுக்க இருந்து வருது."

கடலிலிருந்து உள்நாட்டுக்குப் போகிற ரோட்டு. கிழக்கு மேற்காகப் போகிற ரோட்டு. படத்தில் கொமட் சரியான பக்கம்தான் இருந்திருக்கிறது. அர்ஹம்தான் பாடுபட்டு, ஒரு வளைவு கூடப் போட்டு, அதைக் கிப்லாவுக்கே நேராகத் திருப்பி வைத்திருக்கிறான்.

"கிறிஸ்தவன் வந்து உனக்குக் கிப்லா காட்ட வேண்டிக் கிடக்கு" என்று ஸ்ரான்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அர்ஹமுக்குச் சிரிப்பும் வந்தது, ரோட்டோரத்தில் இருந்து அழவேண்டும் போலவும் இருந்தது.

அன்றைக்கே, ருமேனியாவுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் ஒரு வழி சொன்னார். ஹெல்பராக என்றால் பரீட்சை தேவையில்லை, அடுத்த கூட்டத்தோடு விமானம் ஏறலாம். "ஏலாது" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டு அர்ஹம் ஊருக்குத் திரும்பினான்.

பஸ்லியா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் முகத்தைக் கண்டதும் நிறுத்தினாள்.

"படத்த எத்தின தரம் பாத்தீங்க?"

"ஒரு தரம்."

"நான் ஒரு சாரிக்குப் பத்துத் தரம் பாக்கிறன்."

பஸ்லியா கைத்தறி நெய்கிறவள். சாரிக் கரைக்கான பூவைக் கட்டத் தாளில் கீறித் தறியின் முன்னால் ஒட்டி வைத்திருப்பாள். ஒரு கட்டம் ஒரு இழை. அவள் அந்தத் தாளைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள்.

"இதுல ஒரு கட்டம் பிழைச்சா பன்னிரண்டு முழமும் பிழைக்கும். பிழை எண்டு தெரிஞ்சா நான் தறியில கை வெக்க மாட்டன். தந்தவங்களக் கேட்டுத் தாளத்தான் முதல்ல திருத்துவன். ஒங்கட கைக்கி எல்லாம் தெரியும். ஒங்கட கண்ணுக்குத்தான் ஒண்டும் தெரியா."

கணவனுக்கு இது சுருக்கென்று தைத்தது. ஆனால் உண்மை தைத்தால் பிடுங்கி எறிய ஏலுமா? மறுநாள் அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்ததும் கட்டத் தாளோடு அவளுக்கு முன்னால் உட்கார்ந்தான். தான் வேலை செய்த பாத்ரூம்களை ஒவ்வொன்றாகக் கீறினான். முதலில் கீறிய படத்தில் கதவைத் திறந்தால் கொமட்டில் இடிக்கும். "இந்த வீட்டுக்காரர் எப்பிடி உள்ளுக்குப் போற? ஜன்னலாலயா?" என்று பஸ்லியா கேட்டாள். பிறகு அவள் வேண்டுமென்றே பிழை வைத்துக் கீறிக் கொடுப்பாள், அவன் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று மாதம் இது நடந்தது. பகலில் பைப், பின்னேரத்தில் தாள்.

இரண்டாவது பரீட்சைக்கு அதே மண்டபம், அதே பரீட்சகர். அர்ஹம் படத்தை மடிக்கவில்லை. பத்துத் தரம் பார்த்தான். கழிவுப் பைப்பின் சரிவைக் காட்டும் அம்பு சாக்கடைப் பக்கம் போகாமல் கொமட் பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்துத் தடுப்புகளில் பைப் வெட்டும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. இவன் ஒன்றையும் தொடாமல் கையை உயர்த்தினான்.

"சேர், இந்த அம்பு பிழை. இப்பிடி வெச்சா தண்ணி திரும்பி வரும். திருத்தித் தருவீங்களா?"

அவர் படத்தைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து அம்பைத் திருப்பிக் கீறிக் கையெழுத்தும் வைத்தார். "கிப்லா சரியா?" என்று மெல்லக் கேட்டார்.

"சரி, சேர். போன்ல பாத்திட்டன்."

அன்றைக்கு அவன் பாஸ்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வெளிநாட்டுக் கதைகள் அவ்வளவு லேசில் முடிவதில்லை. பாசாகி மூன்று மாதமாகக் காத்திருந்த ஸ்ரான்லியும் அவனும் ஏஜென்சியில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போனார்கள். மேசை முன்னால் வரிசை நின்றது. காட்டிய இடத்தில் எல்லோரும் ஒப்பமிட்டு நகர்ந்தார்கள். ஸ்ரான்லியின் தாளில் எலக்ட்ரீஷியன் என்று சரியாக இருந்தது. அர்ஹம் தன்னுடையதை முதல் வரியிலிருந்து வாசித்தான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மூன்றாம் பக்கத்தில், தொழில் என்ற இடத்தில், 'ஹெல்பர்' என்று இருந்தது.

"நான் பிளம்பரா பாஸ் பண்ணின" என்றான்.

"ஓம் தம்பி, தெரியும். அது சும்மா கடதாசிக்கு. அங்க போனா நீங்க பிளம்பர்தான்" என்றார் ஏஜென்சிக்காரர்.

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அதே சொல். அர்ஹமின் காது சூடானது. முன்பென்றால் மேசையைத் தட்டியிருப்பான், அல்லது தலையைக் குனிந்து ஒப்பமிட்டிருப்பான். இப்போது மேசையில் கிடந்த சிவப்புப் பேனையை எடுத்தான். அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

"பிளம்பர் எண்டு எழுதித் தாங்க. கையெழுத்து வெக்கிறன்."

"பிளைட் தவறிப் போயிரும்."

"போகட்டும்."

ஸ்ரான்லி தனியாகத்தான் விமானம் ஏறினான். ஊர் அதன் வேலையைச் செய்தது. சந்திக் கடையில் தேநீர் குடித்தவர்கள் எல்லோரும் அர்ஹமுக்கு அறிவுரை சொன்னார்கள். வாசல் வரைக்கும் வந்ததை உதைத்துவிட்டான், தலைக்கனம் என்றார்கள். அவனுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஒரு நாள் நிந்தவூரில் தண்ணீர்த் தாங்கிக்கு மேல் நின்று பைப் பூட்டும்போது, பிழை செய்துவிட்டேனோ என்று வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிட்டான். பஸ்லியாவிடம் அதைச் சொன்னான்.

"பிழை எண்டு தெரிஞ்ச தாளப் பாத்து நெய்தா, மறுகா இழையெல்லாம் அவிழ்க்கத்தான் வேணும்" என்றாள் அவள்.

ஐந்து வாரம் கழித்து ஸ்ரான்லி அழைத்தான். அங்கே கம்பனி கேட்டது பிளம்பரைத்தானாம். ஹெல்பர்களின் தலை எண்ணிக்கையை நிரப்ப ஏஜென்சி தன் வசதிக்கு இவனை அப்படி எழுதியிருக்கிறது. வட்டம் போட்ட தாளைப் பற்றி ஸ்ரான்லி அங்குள்ள அலுவலகத்தில் சொல்ல, அவர்கள் இவனைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். அடுத்த கிழமை புதிய ஒப்பந்தம் வந்தது. அர்ஹம் மூன்று தரம் வாசித்தான், பஸ்லியா பத்துத் தரம் பார்த்தாள். ஒப்பமிட்ட நான்காம் நாள் பயணம். பயணச் சாமான் கட்டும் அவசரத்தில் ஹோல் மூலையில் நின்ற பெட்டியை யாரும் நினைக்கவில்லை. அதன்மேல்தான் சூட்கேஸை வைத்துக் கட்டினார்கள்.

போன முதல் வாரம் அவன் போனில் முகம் காட்டியபோது பஸ்லியா குளிரைப் பற்றிக் கேட்கவில்லை, சாப்பாட்டைப் பற்றியும் கேட்கவில்லை.

"அட்டையில என்ன எழுதியிரிக்கி?"

அவன் கழுத்து அட்டையைத் திரைக்கு நேராகப் பிடித்தான். அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்: "இன்ஸ்டலாட்டோர். இதென்ன, பிளம்பரா?"

"ஓம். ஸ்ரான்லியக் கேட்டன், மேஸ்திரியையும் கேட்டன். ரெண்டு பேரும் ஓம் எண்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். கண்ணைத் துடைத்துவிட்டுக் குரலை மாற்றினாள். "இஞ்ச பாருங்க, ஒரு படம் அனுப்பியிரிக்கன். நம்மட பாத்ரூம். நாளைக்கு பைப் வேலை செய்யிற சாலிஹ் காக்கா வந்து கொமட் வெக்கிறாரு."

"நான் வந்து வெக்கிறனே!"

"ரெண்டு வருஷம் பெட்டிக்கு மேல துணி விரிச்சி வெச்சிருக்கச் சொல்றீங்களா? படத்தப் பாருங்க. பிழை எண்டா சொல்லுங்க, திருத்தித் தாறன்."

கட்டத் தாளில் பென்சிலால் கீறியிருந்தாள். கொமட் வடக்குப் பார்த்து இருந்தது. கதவு திறக்கும்போது இடிக்காது. சரிவு அம்பு சாக்கடைப் பக்கம் சரியாகப் போனது. ஏதாவது ஒரு பிழை இருந்தால் நன்றாக இருக்குமே என்று அர்ஹம் தேடினான். தன் வீட்டில் இன்னொருவன் கை வைக்கப்போகிறான் என்று நெஞ்சு வலித்தது. இதைக் கீறியது என் பெண்டாட்டி என்று அதே நெஞ்சு விம்மவும் செய்தது. பத்துத் தரம் பார்த்தான்.

"சரியா இரிக்கி. வெக்கச் சொல்லு."