இரண்டு கேமராக்களைச் சுமந்து ஏறிய சுண்ணாம்புக் குன்று

பெரிய ஃபிலிம் கேமராவோடு மலையேற ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எதை வாங்கலாம்?” என்பதுதான். 1984 மார்ச்சில் எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. அப்போது எனக்கு வயது இருபத்தாறு. வீடு குனோங் ராபாட்டில், வேலை பக்கத்திலேயே, மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில். நாள்காட்டி அச்சடிக்கும் ஒருவர், சுங்கை சிப்புட் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றின் உச்சியிலிருந்து ரப்பர் தோட்டமும் மலைகளும் தெரிகிற மாதிரி ஒரு வண்ணப்படம் கேட்டிருந்தார். நான்குக்கு ஐந்து அங்குல ஃபிலிமில் எடுத்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. ஸ்டூடியோவில் இருந்த அந்த அளவுக் கேமரா ஏழு கிலோ. அதை மாடிக்குக் கொண்டுபோவதற்கே மூச்சு வாங்கும்.

படம் தேறினால் சொந்தமாகத் தொழில் தொடங்கலாம். தேறாவிட்டால் மூன்று வருடச் சேமிப்பு ஒரு பெட்டிக்குள் முடங்கிவிடும்.

கேமரா கடையின் சீன முதலாளியான தவுக்கேயிடம் மடக்கக்கூடியவை இரண்டு இருந்தன. ஒன்று பழைய இரும்புக் கேமரா, 2.8 கிலோ, எழுநூறு வெள்ளி (ரிங்கிட்). மற்றது புதிய மரக் கேமரா, ஒன்றரைக் கிலோ, தொள்ளாயிரத்து ஐம்பது. என் மனசெல்லாம் இரும்பின் மேல்தான். பாறையில் விழுந்தாலும் பாறைதான் உடையும் என்று தோன்றியது! இரண்டையும் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துத் தவுக்கே சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் தூக்கிப்போய்ப் பார், திங்கள் மதியத்துக்குள் ஒன்றைத் திருப்பிக் கொடு, கீறல் விழுந்தது உன்னுடையது என்று மலாயில் சொல்லிவிட்டார்.

காலை ஐந்தரைக்கு என் நண்பன் காதரின் மோட்டார்சைக்கிளில் கிளம்பினோம். ஈப்போவில் அவன் அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். என் முதுகுப் பையை வாங்கித் தூக்கிப் பார்த்தவன் அப்படியே கீழே வைத்துவிட்டான்.

“மச்சான், ரெண்டையுமா தூக்கிட்டுப் போற? பைத்தியமா லா உனக்கு?”

சுங்கை சிப்புட் முப்பத்து மூன்று கிலோமீட்டர். ஆறரைக்குப் போய்ச் சேர்ந்து, முப்பது காசு ரொட்டி சானாய் ஆளுக்கு மூன்று சாப்பிட்டோம். அங்கிருந்து ரப்பர் தோட்டத்து மண்பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தோம். குன்றடியில் விறகு கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா எங்களைத் தடுத்தார். அவர் பெயர் மாரியாயி, அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர்.

“அந்தப் பக்கம் போவாதீங்க தம்பி, பாறை வழுக்கும். நானும் வாரேன், வழி காட்டுறேன்.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனார். நாற்பது நிமிட ஏற்றம். சில இடங்களில் இரண்டு கைகளாலும் பாறையைப் பிடித்தாக வேண்டும். அங்கெல்லாம் இரும்புக் கேமரா என்னைப் பின்னால் இழுத்தது. ஒருமுறை கால் நழுவியது. காதர் பையைப் பிடித்திருக்காவிட்டால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உச்சியில் எட்டு மணி. பனி விலகி, ரப்பர் மரங்களுக்கு நடுவே தொழிலாளர்களின் லயத்து வீடுகள், அவற்றின் தகரக் கூரைகள், அவற்றுக்கப்பால் நீல நீலமாகக் குன்றுகள். இரும்புக் கேமராவைத்தான் முதலில் முக்காலியில் வைத்தேன். காலடிப் பாறை தெளிவாக இருந்தால் தூரத்துக் குன்று மங்கியது. குன்று தெளிந்தால் பாறை மங்கியது. லென்ஸை முன்னால் சாய்த்தால் இரண்டும் தெளியும். அந்தக் கேமராவிலோ லென்ஸ் பின்னால் மட்டுமே சாய்ந்தது. கடையில் இதைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மரக் கேமராவை விரித்து லென்ஸை லேசாகச் சாய்த்தேன். பின்கண்ணாடியில் பாறையும் கூரைகளும் குன்றுகளும் ஒன்றாகத் தெளிந்தன. “கிடைச்சிருச்சு!” என்று கத்திவிட்டேன். அக்கா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

“அடியாத்தே, எங்க லயம் தலகீழாத் தொங்குது!”

“அது அப்படித்தான் தெரியும்க்கா. படத்துல நேரா வந்துடும்.”

அதற்குள் காற்று கிளம்பியது. எடை குறைவான கேமரா பாய்மரம் போல ஆடியது. பையில் இருந்தவை நான்கே ஃபிலிம். அக்கா கால்சட்டைக்கு மேலே இடுப்பில் கட்டியிருந்த சாரோங் துணியை அவிழ்த்து ஒரு முனையைக் காதரிடம் கொடுத்தார். இருவரும் காற்றுக்கு எதிரே விரித்துப் பிடித்தார்கள். முக்காலி ஆடாமல் இருக்க, இரும்புக் கேமராவைப் பையோடு அதில் பாரமாகத் தொங்கவிட்டேன். அன்று அது செய்த ஒரே உதவி அதுதான். காற்று ஓய்ந்த இடைவெளிகளில் நான்கையும் எடுத்து முடித்தோம். ஒன்பதரைக்கு மழை பிடித்துக்கொண்டது.

ஃபிலிம் கோலாலம்பூர் போய்க் கழுவி வர எட்டு நாளாகும். அதுவரை தவுக்கே காத்திருக்க மாட்டார். திங்கட்கிழமை, படத்தைப் பார்க்காமலேயே மரக் கேமராவுக்குப் பணத்தைக் கட்டினேன்.

எட்டாம் நாள் உறையைப் பிரித்தேன். மூன்று ஆடியிருந்தன. நான்காவதை விளக்குப் பலகையில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தேன். கொடியில் காயும் சட்டைகளை எண்ண முடிந்தது! தண்ணீர்க் குழாயடியில் ஒருவர் குனிந்து வாளி பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து! அடுத்த வருட நாள்காட்டியில் அந்தப் படம் வந்தது. ஸ்டூடியோ வேலையை விட்டேன்.

நீங்கள் வாங்கப்போகிறீர்களா? எடையை மட்டும் பார்க்காதீர்கள், லென்ஸ் முன்னால் சாய்கிறதா என்று பாருங்கள். முக்காலியில் கஞ்சத்தனம் வேண்டாம். எனது இரண்டு கிலோ போதவில்லை. பையில் ஒரு பெரிய துணி இருக்கட்டும், மழைக்கும் காற்றுக்கும். ஏற்றத்தை ஏழு மணிக்கே தொடங்குங்கள். முடிந்தால் கடைக்காரரிடம் ஒருநாள் இரவல் கேட்டுப் பாருங்கள். அன்று அந்தக் குன்றில் ஏறாமல் இருந்திருந்தால், நான் சந்தோஷமாக இரும்பைத்தான் வாங்கியிருப்பேன்.