பாண்டவர் மனையில் ஏற்றிய மெழுகுவர்த்தி

காரணம் சொல்லாமல் ஒருவர் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப நடந்து போனால் அவரை நம்பலாமா? பிரிஜெட் டீச்சரை அறிந்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு வகையில் பதில் சொன்னவர்கள்தான். பெரும்பாலும் 'கூடாது' என்றே சொன்னார்கள். அவர்களைக் குறை கூறுவது எளிது. அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நாம் வேறு விதமாகச் சொல்லியிருப்போமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பெங்களூரில் வெள்ளைக்காரப் படை தங்கியிருந்த தண்டுப் பகுதியில் கன்னியர் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் அவர் மூன்றாம் வகுப்பு எடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நீலசந்திராவில் அண்ணன் மதலைமுத்துவின் வீட்டில் இருந்தார். குதிரைச் சேணம் தைக்கும் கடையில் அண்ணன் மேஸ்திரி. அண்ணி நோரா கெட்டவள் அல்ல. ஆனால் வீடு தன்னுடையது என்பதை அடிக்கடி நினைவூட்டுகிறவள். வேலைக்குப் போகிற வரைக்கும் பிரிஜெட் அந்த வீட்டில் ஒரு மனுஷி. வேலை போனால் அடுப்படியில் இன்னொரு ஜோடிக் கை, அவ்வளவுதான். இது அவருக்கும் தெரியும், நோராவுக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலைகளில் அவர் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, குடையும் துணிப்பையுமாகக் கிளம்பிவிடுவார். ஓசூர் சாலையில் வெகு தூரம் நடந்து, ஓர் ஏரிக்கரையில் திரும்பி, கேழ்வரகுக் கொல்லைகளைத் தாண்டினால் மேட்டுநிலம் வரும். மண் மெலிந்து பாறை வெளியே தெரிகிற இடம். அங்கே வட்டம் வட்டமாகக் கற்கள் நட்டிருக்கும். சில வட்டங்களின் நடுவே மூன்று பக்கம் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல், கிழக்குப் பக்கப் பலகையில் ஆள் தலை நுழையும் அளவு உருண்டையான துளை. ஊரார் அவற்றைப் பாண்டவர் மனை என்றார்கள். வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கிய வீடுகளாம். அவை இரும்புக் காலத்து மனிதர்களின் கல்லறைகள் என்று படித்தவர்கள் சொன்னார்கள். இரண்டு கூட்டத்தாரும் அவற்றுக்குள் ஒருமுறையும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

பிரிஜெட் ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு நடப்பார். வெயில் ஏறியதும் ஏதாவது ஒரு மூடுகல் நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் வெங்காயமும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். ஏன் போகிறீர்கள் என்று பள்ளியின் தலைமைக் கன்னியாஸ்திரீ ஒருமுறை கேட்டாராம். அந்த மதர் இங்கிலாந்தின் தெற்கில் சில காலம் இருந்தவர். புல் மூடிய சுண்ணாம்புக் குன்றுகளில், நட்ட கற்களுக்கிடையே பகலெல்லாம் நடந்ததை வகுப்பில் சொல்வார். "நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் மதர்" என்றார் பிரிஜெட். இந்தப் பதிலை நான் முழுதாக நம்பவில்லை. கேட்டவர் மனம் குளிரும்படி அமைந்த பதில் அது.

மேட்டுநிலத்து ஊரில் முதலில் புதையல் என்று நினைத்தார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் அவருடைய பையை வாங்கிப் பார்த்தார்கள். கடப்பாரை இல்லை, மந்திரத் தகடு இல்லை, பாதி வெங்காயம் இருந்தது. நீலசந்திராவில் வேறு மாதிரி நினைத்தார்கள். நோரா தூண்டிவிட, மதலைமுத்து ஒரு சனிக்கிழமை தங்கைக்குத் தெரியாமல் பின்னாலேயே போனான்.

"யாரு வந்தான்?" என்று கேட்டாள் நோரா, அவன் திரும்பியதும்.

"ஒருத்தனும் வரல. கல்லுக்குள்ள சும்மா குந்திகினு இருந்தா."

"சும்மாவா?"

"சும்மாதான். எவனாச்சும் இருந்திருந்தா புரிஞ்சிருக்கும். இதான் எனக்கு பயமா இருக்குது."

எல்லாச் சந்தேகமும் இப்படிப் புகைந்துகொண்டே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. இறந்தவர்களுக்காகக் கத்தோலிக்கர்கள் கல்லறைகளுக்குப் பூவைத்து மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். அன்று மாலை பிரிஜெட்டும் குடும்பத்தோடு போய் அப்பா அம்மா கல்லறையில் ஏற்றினார். ஆனால் அதற்கு முன்பே, காலையில், மேட்டுநிலத்துக்குப் போய் ஒரு பாண்டவர் மனைக்குள், காற்றுப் படாத மூலையில், ஒன்றை ஏற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். பூவும் வைத்திருந்தார்.

அடுத்த வாரம் மேட்டுநிலத்து ஊரின் தலைவர், பட்டேல் சிக்கண்ணா, எரிந்து மிஞ்சிய மெழுகை ஓர் இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு கிறிஸ்தவக் கோயிலுக்கு வந்தார். பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். பிரிஜெட்டையும் மதலைமுத்துவையும் கூப்பிட்டனுப்பினார்.

"சாமி, கல்லு பாக்க வர்றது தப்பில்ல," என்றார் பட்டேல், தமிழில் கன்னடத்தைக் குழைத்து. "ஆனா நம்ம ஊரு மைசூர் மகாராஜா சீமை. உங்க தண்டு இல்ல. இன்னிக்கி இந்த மேணதபத்தி. நாளைக்கி சிலுவை. நாளன்னிக்கி காம்பவுண்டு. 'எங்க ஆளுங்க சமாதி இங்க இருக்குது'ன்னு சொல்லி நீங்க கோயில் கட்டினா நாங்க ஆட்டை எங்க மேய்க்கறது?"

அவர் பயத்தை அபத்தம் என்று சொல்ல மாட்டேன். நிலங்கள் இதைவிடச் சிறிய அடையாளங்களால் கைமாறியிருக்கின்றன.

சாமியாரின் பயம் வேறு. "யாருக்காக ஏத்தினே, பிரிஜெட்?"

"கல்லறைத் திருநாளாச்சே சாமி. அதுவும் கல்லறைதானே."

"அவங்க ஞானஸ்நானம் வாங்காதவங்க!"

"நமக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா, ஆண்டவர் பிறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போனவங்க அவங்க."

"அப்ப அது அவங்க குத்தம் இல்லையே, சாமி."

மதலைமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம், இருமி மறைத்தான். சாமியார் சிரிக்கவில்லை. பேய்களுக்குப் படைக்கிற ஒருத்தியிடம் பிள்ளைகளை விடலாமா என்று சில பெற்றோர் அதற்குள் கேட்டிருந்தார்கள். நோரா வீட்டில் வெளிப்படையாகவே பேசினாள்: "புத்துக்குப் பால் ஊத்தறவளுக்கும் உன் தங்கச்சிக்கும் இன்னா வித்தியாசம்? அவளுக்குப் பாம்பாச்சும் வரும்."

கடைசியில் பட்டேலே ஒரு வழி சொன்னார். டீச்சர் ஊரார் முன்னால் அந்தக் கல்லருகே நின்று, 'இது எங்க ஆளுங்க சமாதி இல்ல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாமியாருக்கும் அது பிடித்தது. கல்லறை கிறிஸ்தவருடையது அல்ல என்று பிரிஜெட்டே சொல்லிவிட்டால் மெழுகுவர்த்தி வெறும் அறியாமை ஆகிவிடும். பாவம் ஆகாது, வேலையும் தங்கும்.

ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு, சாமியாரும் பிரிஜெட்டும் அண்ணனும் ஜட்கா வண்டி போகிற வரைக்கும் அதில் போய், மீதியை நடந்தார்கள். சாமியாரின் அங்கி ஓரமெல்லாம் ஒட்டுப்புல். ஊரிலிருந்து பட்டேலோடு ஒரு கும்பல் வந்து பாறைமேல் காத்திருந்தது.

"சொல்லும்மா," என்றார் சாமியார்.

பிரிஜெட் துளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "யாரோடதுன்னு எனக்குத் தெரியாது, சாமி."

"பாத்தீங்களா!" பட்டேல் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா, தெரியாதாம்! ஒரு வார்த்தை சொல்ல இவ்ளோ யோசனையா? உள்ள ஏதோ இருக்குது."

சாமியார் பிரிஜெட் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நீ சொல்லலேன்னா நாளைக்கு உனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எனக்கு வேற வழி கிடையாது."

"சொல்லித் தொலையேன், பிரிஜெட்டு," என்றான் மதலைமுத்து. "செத்தவன் எழுந்து வந்து இல்லேன்னு சொல்லப்போறானா?"

பிரிஜெட் குடையை மடக்கிக் கல்லில் சாய்த்து வைத்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, வகுப்பில் பாடம் சொல்கிற குரலில், "இது எங்க ஆளுங்க சமாதி இல்ல" என்றார். கேட்காமலே கன்னடத்திலும் ஒருமுறை சொன்னார்: "இது நம்மவர சமாதி அல்ல."

பட்டேலின் முகம் உடனே மாறிவிட்டது. ஆளனுப்பி மோர் வரவழைத்தார். "எப்ப வேணும்னாலும் வாங்க டீச்சரம்மா. யாராச்சும் பையைத் தொட்டா என் பேரைச் சொல்லுங்க." சாமியார் இரண்டு குவளை மோர் குடித்தார். இத்தனை காலம் பிரிஜெட் சொன்ன உண்மைகள் எதையும் எவரும் நம்பியதில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றை அவர் சொன்னபோது எல்லோரும் ஒருமனதாக நம்பினார்கள்.

இந்த இடத்தில் அவரைப் புகழச் சிலர் ஆசைப்படுகிறார்கள். பொய்யை அவர் மனம் தாங்கவில்லை என்கிறார்கள். தாங்காதவர் அங்கேயே வாயை மூடிக்கொண்டிருக்கலாமே. வேறு சிலர், ஊரைச் சண்டையிலிருந்து காப்பாற்றவே சொன்னார் என்கிறார்கள். அப்படியென்றால் பின்னால் நடந்தது எதற்கு? நோரா சாகிற வரைக்கும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "வேலையைக் காப்பாத்திக்கத்தானே சொன்னே? காப்பாத்திக்கினு இன்னா பண்ணே?" பிரிஜெட் அரிசி களைந்துகொண்டே இருப்பார்.

நடந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை அவர் வழக்கம்போல் பள்ளிக்குப் போனார். வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தார், கையெழுத்துத் திருத்தினார், கடைசி மணி அடித்ததும் பிள்ளைகளை வரிசையாக வெளியே அனுப்பினார். பிறகு மதரின் அறைக்குப் போய், வகுப்பு அலமாரியின் சாவியை மேசைமேல் வைத்து, இனி வரப்போவதில்லை என்றார்.

மதர் பதறி எழுந்தார். எல்லாம்தான் சரியாகிவிட்டதே, சாமியாரே நேற்று மாலை வந்து சொன்னாரே, இப்போது ஏன் என்று கேட்டார்.

"சாவி கொஞ்சம் இறுகும், மதர்," என்றார் பிரிஜெட். "லேசாத் தூக்கிப் பிடிச்சுத் திருப்பணும்."