அவள் வீட்டில் கேட்ட மொழி

நான் ஏழாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அது. அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை கிடைத்ததால், ஒடிசாவிலிருந்து வந்து செவிலிமேட்டில் குடியேறியிருந்தோம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் என்னைச் சேர்த்தார்கள்.

அங்கே எனக்கு 'இந்தி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு இந்தி சரியாக வராது, வீட்டில் ஒடியாதான். அதை எடுத்துச் சொல்லும் அளவுக்குத் தமிழும் இல்லை. பேசினால் சிரிப்பார்களே என்று வாயையே திறக்க மாட்டேன்.

ஒருநாள் சாப்பாட்டு பெல் அடித்ததும் எல்லோரும் ஓடிவிட்டார்கள். என்னால் எழ முடியவில்லை. பாவாடை நனைந்திருந்தது. எனக்கு அதுதான் முதல் முறை. யாரிடம் போய், என்னவென்று சொல்வது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டிபன் பாக்ஸை மறந்துவிட்டுத் திரும்பி வந்த என் பெஞ்சுக்காரி, பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"பயப்படாதபா. நீ முன்னாடி நட, நான் ஒட்டிக்கினே வரேன்."

டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். அவள் அம்மா தறியை விட்டு எழுந்து வந்தார். இருவரும் வேகமாக ஏதோ பேசிக்கொண்டார்கள். அது தமிழ் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அந்த அம்மா வெந்நீர் வைத்து, மகளின் பாவாடையைக் கொடுத்து, ரசம் சாதம் போட்டார். என் அம்மாவுக்கு போன் செய்தார். அவர் தமிழில் சொல்ல, அம்மா ஒடியாவில் அழ, எப்படியோ விஷயம் புரிந்துவிட்டது.

"நீ தமிழ் இல்லையா?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"வீட்ல தெலுங்கு, ஸ்கூல்ல தமிழ். எங்க தெருவுல பாதி பேரு அப்படித்தான். அதுக்கு இன்னா இப்போ?"

அடுத்த வாரம் வகுப்பில் ஒருத்தி "ஏ இந்தி!" என்று கூப்பிட்டாள்.

"இந்தி இல்லபா, ஒடியா" என்றேன்.

'பா' போட்டுப் பேசியதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

இப்போது கல்லூரியில் படிக்கிறேன். யாராவது ஊரைக் கேட்டால் காஞ்சிபுரம் என்கிறேன். பிறந்த இடத்தைக் கேட்டால் ஒடிசாவையும் சொல்கிறேன். ஒன்றைச் சொல்வதற்காக இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை என்ற தைரியம், அந்த மத்தியானம் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்தது.