காரணம் என்ற கட்டம்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் பூட்டு மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அதற்காக அவளுக்குத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். சிறுநீரகப் பரிசோதனைக்கு வந்தவர்களின் விவரங்களுக்குப் பதினோரு வருடமாக அவள்தான் காவல். பெயர்கள் ஒரு கோப்பில், ரத்த முடிவுகள் இன்னொன்றில், நடுவே பாலம் வெறும் எண்தான். எதைத் திறப்பதாக இருந்தாலும் மேசைமேல் இருக்கும் பதிவேட்டில் பெயர், நேரம், காரணம் எழுதியாக வேண்டும். இயக்குநரே வந்து நின்றாலும் முதலில் பேனாவைத்தான் நீட்டுவாள்.

அவளிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் டைப்பிஸ்ட் அண்ணன். அவளைவிட எட்டு வயது மூத்தவர், ஒப்பந்த ஊழியர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே ஊரெல்லாம் தேடுகிற மனுஷன். ஒருமுறை காரணம் என்ற கட்டத்தில் 'திருத்தம்' என்று மட்டும் எழுதிவிட்டார். பத்துப் பேர் முன்னால் பதிவேட்டை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"என்ன திருத்தம்னு எழுதுங்க. படிக்கிறவங்க என்ன, ஜோசியமா பாக்கணும்?"

மனுஷன் காது சிவந்துபோய் எழுதிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு தையற்காரர் கடிதமும் கையுமாக வந்து நின்றார். நானூறு பேருக்கான முடிவுக் கடிதங்களில் முதல் நாற்பதை முந்தின நாள்தான் ஆள் வைத்து வீடு வீடாகக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுகிறவர் அவர். கடிதமோ எல்லாம் நன்றாக இருக்கிறது என்றது. முகமெல்லாம் சிரிப்பு.

"அப்போ மாத்திரைய நிறுத்திடலாம்ல? இன்னைக்குக் காலையிலயே போடல."

அவள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். கடிதத்தில் ஏதோ தப்பு இருக்கிறது என்று சொல்லி அவரை உட்காரவைத்து, மருத்துவரை வரவழைத்துவிட்டு, ஓடாத குறையாக அறைக்குப் போனாள்.

மூலக் கோப்பை யாராலும், அவளாலும்கூட, மாற்ற முடியாது. அப்படிப் பூட்டி வைக்கச் சண்டை போட்டவளே அவள்தான். அதோடு ஒப்பிட்டதும் விஷயம் விளங்கிவிட்டது. கடிதம் அச்சிடுவதற்காக மட்டும் பெயரையும் முடிவையும் சேர்த்து வைத்த நகலில், யாரோ பெயர்களை மட்டும் அகரவரிசைப்படுத்தியிருந்தார்கள். பெயர்கள் இடம் மாறிவிட்டன, முடிவுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒருவர் வியாதி இன்னொருவர் தலையில்.

மீதிக் கடிதங்களை வாசலிலேயே நிறுத்தினாள். போன நாற்பதில் நோய் முற்றிய ஆறு பேரிடம் 'ஒன்றுமில்லை' என்ற கடிதம் இருந்தது. தையற்காரர் போக மீதி ஐவரில் நான்கு பேர் மதியத்துக்குள் பிடிபட்டார்கள். ஐந்தாவது ஒரு லாரி ஓட்டுநர். அவருக்கு உடனே சிகிச்சை தொடங்க வேண்டும், அவர் ஃபோனோ அணைந்து கிடந்தது.

இயக்குநர் கொதித்துப்போனார். "இது அந்த டைப்பிஸ்ட் பண்ணின வேலைதான். மூணு மணிக்கு ரிப்போர்ட் குடுங்க. இன்னையோட அவரை அனுப்பிடுறேன்."

தனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்று அவளும் சொல்லிவைத்தாள்.

யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது கணினியில் தானாகவே பதிவாகும். அந்தப் பக்கத்தைப் பார்க்கும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான். ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கிற வேகத்தில் திறந்தாள். வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து இருபது. பக்கத்தில் அவள் பெயர்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வீட்டுச் சாவி இல்லாமல் வாசலில் நிற்பதாக மகள் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தாள். ஃபோனைத் தோளில் இடுக்கியபடி, ஒரு பெயரைச் சட்டென்று தேட வரிசைப்படுத்தி, அப்படியே சேமித்து மூடிவிட்டு ஓடியிருக்கிறாள். பதிவேட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. உலகத்துக்கே பேனா நீட்டுகிறவள்.

கணவனை அழைத்தாள். நீயாகச் சொல்லாமல் யாருக்குத் தெரியப்போகிறது, பேசாமல் இரு என்றான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மணி இரண்டே முக்கால்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டைப்பிஸ்ட் அண்ணன் ஃபோனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வேலை போகப்போகிறது என்ற சேதி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. லாரி ஓட்டுநர் அவசரத்துக்கென்று கொடுத்திருந்த தங்கையின் எண் கிடைத்துவிட்டது போலும். அந்தத் தங்கை துளைத்துத் துளைத்துக் கேட்டும் நோயைப் பற்றி மனுஷன் மூச்சு விடவில்லை. "அண்ணனை எங்ககிட்ட உடனே பேசச் சொல்லுங்கம்மா, அது போதும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். சம்பந்தப்பட்டவரைத் தவிர வேறு யாரிடமும் நோயைச் சொல்லக் கூடாது என்று பூட்டு மேடம் சொல்லிக்கொடுத்தது எழுத்துப் பிசகாமல் அப்படியே. பத்து நிமிடத்தில் ஓட்டுநரே கூப்பிட்டார்.

அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் பெயர் இருந்த கணினிப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், அதை மாத்தினது நான். நீங்க அண்ணன் மேல பழி போட்டப்ப ஆமாம் போட்டதும் நான்தான்."

இயக்குநர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். திட்டவில்லை. விசாரணை முடியும்வரை சாவி, பதிவேடு எல்லாம் டைப்பிஸ்டிடம் இருக்கட்டும் என்றார்.

மறுநாள் சரியான கடிதங்களை அச்சிட நகலைத் திறக்க வேண்டியிருந்தது. டைப்பிஸ்ட் அண்ணன் பதிவேட்டை நகர்த்திப் பேனாவை நீட்டினார். பெயர் எழுதினாள், நேரம் எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் 'என் தவறைத் திருத்த' என்று எழுதிக் கொடுத்தாள். அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் படித்தார். முகத்தில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. பதிவேட்டை அவள் பக்கமே திருப்பி வைத்தார்.

"என்ன தவறுன்னு எழுதுங்க மேடம்."

அவள் உட்கார்ந்து முழுசாக எழுதினாள்.